பூசைக்கு வைத்த புதுச்சாமான்

சங்கரன்கோவில்
8.11.2024

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு அம்மா பேச்சியம்மாள் எழுதிக்கொண்டது. இதைப் பிரித்துப் படிக்கிற ஜெயில் ஐயாவுக்கும் வணக்கம்.

சவுக்கியமா என்று கேட்கப்போவதில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதை மட்டும் எழுது.

பேச்சிராஜாவுக்கு முந்தாநாள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அப்பன் செய்ய வேண்டியதை உன் சித்தப்பா மகன் செய்தான். உன் பெண்டாட்டி இசக்கிசெல்வி ஒரு வாய் பேசவில்லை. பிள்ளை பெற்றவள், இருபத்திமூன்று வருசம் வளர்த்தவள், பேச என்ன இருக்கிறது. சோறு வடிக்கிறாள், எனக்குப் போட்டுவிட்டுத் தறி செட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

என் கண்ணில் வேறு எதுவும் நிற்பதில்லை. அவனைக் குளிப்பாட்டும்போது நெற்றிப் பொட்டில் இருந்த குழிதான் நிற்கிறது. தறியில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு பறக்கிற நாடாவின் இரும்பு முனை போன வழி. என் சுண்டுவிரல் நுழைகிற அளவு. தண்ணீர் ஊற்ற ஊற்றச் சிவப்பு நிற்கவே இல்லை. அறுந்த இழையை முடிச்சுப் போடுவதற்காகத் தறியை நிறுத்திவிட்டுத்தானே குனிந்தான். நிறுத்தின தறி தானாக எப்படி ஓடும்? ஒருத்தன் ஏதோ செய்து வைத்தால்தானே ஓடும்?

நீ செய்ததைத் தப்பு என்று ஊரில் நாலு பேர் சொல்கிறார்கள். என் முன்னால் யாரும் சொல்லவில்லை. பிள்ளையின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது உன்னைப் பார்த்து நான்தான் சொன்னேன், "இதச் செஞ்சவனுக்குக் கை ரெண்டும் இருக்கப்படாதுலே" என்று. மறுநாள் காலையிலேயே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துச் செய்துவிட்டாய். என் வயிற்றில் பிறந்தவன் என்று காட்டிவிட்டாய். நமக்குக் கம்ப்யூட்டர் தறியைப் பூட்டிக் கொடுத்த அந்தச் செல்லப்பா பிழைத்துக்கொண்டான். இடது கண் போய்விட்டதாம். விரலில் ஆறு ஒடிந்திருக்கிறதாம். டீக்கடைப் பெஞ்சில் அவன் கையை விரித்து வைத்து ஸ்பானரால் நீ ஒவ்வொரு விரலாக அடித்ததை டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் இன்னும் சொல்லிக்கொண்டு அலைகிறான்.

அவன் அண்ணன் தம்பிகள் வந்து செட்டை நொறுக்கியதை வக்கீல் சொல்லியிருப்பார். நாலு பழைய தறியும் போயிற்று. பாவு நூலை வெட்டி, குவித்து, தீ வைத்தார்கள். தடுக்கப் போன என்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான் ஒருத்தன். மண்டையில் ஏழு தையல். எழுபத்தோரு வயசில் அடி வாங்கி நான் அழவில்லை என்பதை மட்டும் நீ தெரிந்துகொள்.

கம்ப்யூட்டர் தறியை மட்டும் எவனும் தொடவில்லை. ஆளைக் கொன்ற தறி என்று பயம். அதுவும் நல்லதுக்குத்தான். அதை நோண்டி, பாவு நூலைத் தூக்குகிற கொக்கி எல்லாம் ஆட வைத்தவன் செல்லப்பாதான் என்று கோர்ட்டில் நிரூபித்தால் உனக்கு பெயில் சுலபம் என்கிறார் வக்கீல். கடையநல்லூரில் சிஹாபுதீன் என்று ஒருவர், துபாயில் இந்த மாதிரி மெஷின்களைப் பார்த்தவர், லீவில் வந்திருக்கிறார். கூட்டி வரப்போகிறேன். செல்லப்பா என்ன வேலை செய்தான் என்று திருகாணி திருகாணியாகப் பிரித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

தைரியமாக இரு.

உன் அம்மா
பேச்சியம்மாள்


பாளையங்கோட்டை
17.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகன் மாரிக்கண்ணன் வணக்கம்.

லெட்டர் கிடைத்தது. சாப்பிடுகிறேன். மூன்று நாள் தனியாகப் போட்டிருந்தார்கள். செல்லப்பாவின் ஊர்க்காரன் ஒருத்தன் இங்கே இருக்கிறான். தட்டைக் கழுவும் இடத்தில் என் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். தட்டாலேயே அவன் வாயில் அடித்தேன். இரண்டு பல் விழுந்தது. என் காதில் அவன் கடித்தது பழுத்து இப்போதுதான் ஆறுகிறது. அதற்கெல்லாம் நீ வருத்தப்படாதே.

உன் தலையில் கை வைத்தவன் யார் என்று பெயர் எழுது.

அன்றைக்குக் காலையில் நான் செட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது செல்லப்பா வெளியே வந்துகொண்டிருந்தான். திரும்பி உள்ளே பார்த்துக் கத்தினான். "இந்தத் தறி ஆளத் தின்னும், பாத்துக்கிடுங்க." இந்தக் காதால் கேட்டேன். மூன்று மணி நேரம் கழித்து என் பிள்ளையைத் தின்றது. சாபம் விட்டானா, சொல்லிவிட்டே செய்தானா? எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

கடையநல்லூர்க்காரர் பார்க்கட்டும். நல்லதுதான். ஆனால் அம்மா, கோர்ட் என்ன சொன்னாலும் எனக்கு ஒன்றுதான். ஆறு விரல் என்கிறாய். நான் பத்து என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே வந்த அன்றே ——————————————————————

செல்வியைச் சாப்பிடச் சொல்.

உன் மகன்
மாரிக்கண்ணன்


சங்கரன்கோவில்
30.11.2024

அன்பு மகன் மாரிக்கண்ணனுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதத்தில் ஒரு வரியைக் கருப்பு மையால் அடித்திருந்தார்கள். மை அடித்த ஐயா கோபிக்கக் கூடாது, மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டேன். மிச்சக் கண்ணையும் எடுத்துவிட்டுத்தான் பிள்ளையின் படத்துக்கு மாலை போடுவேன் என்று எழுதியிருக்கிறாய்.

ஒரு மாதம் முன்னால் இதைப் படித்திருந்தால் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. பொறுமையாகப் படி. பாதியில் கிழித்துப் போடாதே.

சிஹாபுதீன் வந்தார். உன்னைவிட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும். வந்தவுடன் தறியைத் தொடவில்லை. மோட்டார் பெல்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, "ஆச்சி, இத உங்க மடியில வச்சுக்கிடுங்க. நான் கேக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். பெல்ட் இல்லாவிட்டால் நாடா பறக்காது, கொக்கி மட்டும்தான் மேலே கீழே ஆடும். கூலிக்கு வருகிறவன் எவனும் இவ்வளவு பார்க்கமாட்டான். அப்போதே அவர் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

முதல் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார். ஒரு கொக்கி தப்பவில்லை. வயரை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். கம்ப்யூட்டருக்குள் செல்லப்பா செருகியிருந்த கார்டைக் கழற்றித் துடைத்தார். எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தார். செல்லப்பா கடைசியாக எதையாவது மாற்றினானா என்று கேட்டேன். மாற்றினால் தேதி போட்டிருக்கும், ஏழு மாதமாக ஒரு எழுத்துக்கூட மாறவில்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாப் பாருங்க வே. கொன்னவன் தேதி போட்டுட்டா கொல்லுவான்?" என்றேன். சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிள்ளை தறியில் இருக்கும்போது வேறு என்னென்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டார்.

இசக்கிசெல்விதான் பதில் சொன்னாள். பிள்ளை போன பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. "பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பெரிய சேலை டிசைன் நாலஞ்சையும் தொறந்து போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தான்."

இரண்டாம் நாள் அதே மாதிரி பாட்டைப் போட்டு, டிசைன்களைத் திறந்துவைத்து, தறியை நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருந்தோம். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது கொக்கி எல்லாம் பேய் பிடித்த மாதிரி ஆட ஆரம்பித்தது மக்கா. ஒரு ஆள் தொடவில்லை. மோட்டார் உறுமியது. என் மடியில் இருந்த பெல்ட் மட்டும் தறியில் இருந்திருந்தால் நாடா பறந்திருக்கும். இசக்கிசெல்வி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

மூன்றாம் நாள்தான் காரணத்தைப் பிடித்தார். எனக்குச் சொன்ன மாதிரியே உனக்கு எழுதுகிறேன். எந்தக் கொக்கி ஏற வேண்டும், மோட்டார் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்கிற உத்தரவை எல்லாம் கம்ப்யூட்டர் தன் மெமரியில் ஒரு இடத்தில் எழுதி வைக்கும். அந்த இடத்தின் கதவு நம்பரைக் கார்டுக்குச் சொல்லும். கார்டு அந்தக் கதவைத் திறந்து உத்தரவை வாசித்துத் தறியை ஓட்டும். நம்பரைச் சொல்லுகிற வேலைக்காகச் செல்லப்பா கம்ப்யூட்டரில் எழுதி வைத்த புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். நம் கார்டு பழசு. நாலு ஜிபி வரைக்கும் உள்ள கதவு நம்பர்தான் அதற்குக் கொள்ளும். நம்முடைய கம்ப்யூட்டரிலும் நாலுதான் இருந்தது, அதனால் இத்தனை நாள் வம்பில்லை.

இப்போது திறந்து பார்த்தால் உள்ளே பன்னிரண்டு இருக்கிறது. எட்டு ஜிபி மெமரி ஒன்று கூடுதலாக ஏறியிருக்கிறது. வேலை கொஞ்சமாக இருக்கும்போது உத்தரவு கீழ்க் கதவுகளிலேயே இருந்துவிடும், ஒன்றும் ஆகாது. பாட்டும் டிசைனும் கீழே எல்லாவற்றையும் நிறைத்துவிட்டால், தறியின் உத்தரவு மேலே உள்ள கதவுக்குப் போய்விடும். அந்த நம்பர் கார்டுக்குக் கொள்ளாது. முன்னால் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு மிச்ச நம்பரில் உள்ள கதவைத் திறந்துவிடும். நம் தெருவில் கதவுக்குப் புது நம்பர் போட்ட புதிதில் நூற்றுப் பதினைந்துக்கு வந்த தபாலைப் பதினைந்தில் போட்டுவிட்டுப் போனார்களே, அப்படி. கார்டு திறந்த கதவுக்குள் இருந்தது பாட்டில் ஒரு துண்டு. அதைத்தான் உத்தரவு என்று வாசித்திருக்கிறது. ஓடு என்று சொன்னதாக எடுத்துக்கொண்டது. கொக்கி தாறுமாறாக ஏறினால் நாடாவுக்கு வழி இல்லை. வெளியேதான் பறக்கும். குனிந்திருந்தவன் பொட்டு அந்த உயரத்தில் இருந்தது.

எட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டினார். நாள் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. திரும்பப் போட்டார், ஒரு மணி நேரத்தில் ஆடியது. பிடுங்கினார், நின்றது. மூன்று முறை என் கண் முன்னால் செய்தார்.

செல்லப்பா எதையும் நோண்டவில்லை மாரிக்கண்ணா. அவன் எதையும் செய்து வைத்துவிட்டுப் போகவில்லை. இதை நான் சொல்லுகிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

உன் அம்மா
பேச்சியம்மாள்


பாளையங்கோட்டை
10.12.2024

அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. நாலு முறை படித்தேன்.

கடையநல்லூர்க்காரரை அவர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நீ மூன்று முறை கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்தேன் என்றால் பார்த்ததுதான்.

அப்படியென்றால் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அந்த எட்டு ஜிபியைப் போட்டது யார்? நான் போடவில்லை. செல்லப்பா எதையும் நோண்டவில்லை என்கிறாய். பேச்சிராஜா என்னைக் கேட்காமல் ஒரு திருகாணியைக் கழற்றமாட்டான். நீ மூன்று பக்கம் எழுதி, கொக்கி, கதவு, நம்பர் எல்லாம் எழுதி, இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதியிருப்பாய்.

யாரைக் காப்பாற்றுகிறாய்? கடைக்காரனா? செல்வியின் தம்பியா? அவன்தான் கம்ப்யூட்டர் படித்தவன்.

பெயர் எழுது. வாரத்தில் பெயில் வந்துவிடும் போலிருக்கிறது. நான் தப்பான ஆளை அடித்துவிட்டேன் என்கிறாய். சரி. சரியான ஆள் யார் என்று தெரியாமல் நான் அந்த வாசலைத் தாண்டினால், எதிரில் வருகிற எவனையும் விடமாட்டேன். செல்வியின் தம்பியில் ஆரம்பிப்பேன்.

மாரிக்கண்ணன்


சங்கரன்கோவில்
20.12.2024

என் மகன் மாரிக்கண்ணனுக்கு,

இசக்கிசெல்வியின் தம்பியை விட்டுவிடு. கடைக்காரனையும் விட்டுவிடு. போட்டது நான்.

ஆயுத பூசைக்கு ஒவ்வொரு தறிக்கும் ஒரு புதுச்சாமான் மாட்டித்தான் நாம் பூசை செய்வது. உன் அப்பா காலத்திலிருந்து ஒரு வருசம் தவறியதில்லை. ஒன்றுக்கு நாடா, ஒன்றுக்குப் பெல்ட், ஒன்றுக்கு எண்ணெய்க் குப்பியாவது. கம்ப்யூட்டருக்குப் போன வருசம் மவுஸ் வைத்தேன். இந்த வருசம் என்ன வைக்க என்று பேச்சிராஜாவிடம் கேட்டேன். "மெமரி வச்சா நல்லா ஓடும் ஆச்சி. ஆனா செல்லப்பா அண்ணன் அதத் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றான். எனக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. நான் உண்டாக்கிய செட்டில் எதைத் தொடலாம் என்று இன்னொருத்தன் சொல்லுவதா?

நானே பஜாருக்குப் போய், நானே கேட்டு, பெரிதாக இருக்கட்டும் என்று எட்டை வாங்கி வந்தேன். நீயும் செல்வியும் திருவேங்கடத்துக் காதுகுத்துக்குப் போயிருந்தீர்கள். பிள்ளை பெட்டியைத் திறந்து இடத்தைக் காட்டினான். "நீயே போடு ஆச்சி" என்றான். சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்து, இந்தக் கையால் அமுக்கினேன். டக்கென்று சத்தம் கேட்டது. பிள்ளை கை தட்டினான். "அப்பாட்ட சொல்லாத ஆச்சி, திட்டுவாரு" என்றான். பதினோரு நாள் நன்றாகத்தான் ஓடியது. அதனால் செத்த அன்றுகூட எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. சத்தியம்.

நீ வாசலில் கேட்டது பேச்சின் வால்தான். முழுசும் இது. செல்லப்பா அன்றைக்குப் பழைய தறியைப் பார்க்க வந்தவன், கம்ப்யூட்டர் பெட்டியின் திருகாணியில் குங்குமத்தைப் பார்த்துவிட்டான். "பெட்டியத் தொறந்தது யாரு ஆச்சி? உள்ள என்ன போட்டீங்க?" என்று கேட்டான். தறிக்காரப் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என் பெட்டி, நான் தொறப்பேன். ஒன்னக் கேக்கணுமோ? போலே வெளிய" என்றேன். "ஒரே ஒரு தடவ உள்ள பாத்துட்டுப் போயிருதேன்" என்றான். கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன். தள்ளின பிறகுதான் வாசலில் நின்று கத்தினான். "என்னக் கேக்காம பெட்டியில கை வச்சா இந்தத் தறி ஆளத் தின்னும், பாத்துக்கிடுங்க." அவன் காப்பாற்ற வந்தான் மாரிக்கண்ணா. அவனை வெளியே தள்ளிவிட்டு, அவன் கை ரெண்டும் இருக்கக் கூடாது என்று உன்னிடம் சொன்னவளும் நான்தான்.

சிஹாபுதீன் எட்டைப் பிடுங்கி என் கையில் வைத்தபோது அதில் குங்குமம் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியின் திருகாணியை முடுக்கப் போய்விட்டார். அதைப் போன கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்று பக்கம் எழுதியும் வரவில்லை.

முதலில் இசக்கிசெல்வியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுந்து வந்து அறைந்தாள். என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. கட்டி வந்த நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். "இன்னொண்ணு அடி ஏட்டி" என்றேன். அடிக்கவில்லை. அரிசித் தண்ணீர் சொட்டுகிற கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்லப்பாவின் அண்ணன், என் முடியைப் பிடித்து இழுத்தவன், வராண்டாவிலேயே என் தொண்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து நெருக்கினான். நர்சம்மா வந்து விலக்கினார். நான் விலக்கச் சொல்லவில்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் செல்லப்பாவிடம் சொன்னேன். ஒரு கண்ணால் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கை இரண்டும் வெள்ளைக் கட்டோடு வயிற்றின் மேல் கிடந்தது. வைவான் என்று காத்திருந்தேன்.

"டிரைவர்ல ஒரு வரி எழுதணும் ஆச்சி. நாலுக்கு மேல உள்ள நம்பரக் குடுக்காதன்னு ஒரே ஒரு வரி. கூட மெமரி போட்டா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். நாலுதான இருக்குன்னு எழுதாம விட்டுட்டேன். யாரையும் தொட விடாமப் பாத்துக்கிடலாம்னு நெனச்சேன்" என்றான். கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். "இப்ப எழுத முடியாது."

நேராக ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். மெமரியைப் போட்டது நான், மகனை ஏவியது நான் என்று ஒரு பிழை இல்லாமல் எழுதி, அந்த எட்டையும் காகிதத்தில் மடித்து வைத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "ஏவுனதுக்குச் செக்‌ஷன் இருக்கு ஆச்சி. மெமரி போட்டதுக்கு நான் எதப் போட?" என்றார். எதையாவது போடுங்கள் என்றேன். கூப்பிடும்போது வரச் சொல்லியிருக்கிறார்.

வாரம் திரும்பினால் உனக்கு பெயில் என்று வக்கீல் சொன்னார். சரியான ஆளின் பெயரைக் கேட்டிருந்தாய். கொடுத்துவிட்டேன். நீ வரும் அன்று செட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அந்தத் தறிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். இசக்கிசெல்வியைத் திருவேங்கடத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஸ்பானர் போலீசில் இருக்கிறது. செட்டில் வேறு இரும்புக்குப் பஞ்சமில்லை. வேறு எந்த வாசலுக்கும் போகாதே. நேராக என்னிடம் வா.

பேச்சியம்மாள்


பாளையங்கோட்டை
30.12.2024

பேச்சியம்மாளுக்கு,

வெள்ளிக்கிழமை பெயில் ஆர்டர் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் கத்திவிட்டுப் போனார்.

வெளியே வந்தால் நேராகச் செட்டுக்குத்தான் வருவேன். அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். அதனால் வரவில்லை.

இனிமேல் எனக்கு நீ கடிதம் எழுத வேண்டாம். என்னைப் பார்க்க மனுப் போட்டு வந்தாலும் நான் வெளியே வந்து பார்க்கமாட்டேன். செல்வி வரட்டும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். அதையும் நீ எழுதாதே, விசாரித்துச் செல்வியிடம் சொல்லி அனுப்பு. செல்லப்பாவுக்கு யார் சோறு ஊட்டுகிறார்கள்?

மாரிக்கண்ணன்
பேச்சிராஜாவின் அப்பா